விளிம்பில் நிற்கும் வாத்து

வாசலிலேயே காலைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள், டெபுடி. பனிச்சேறு இந்த ஊரில் எல்லார் காலிலும் ஒட்டிக்கொண்டுதான் வரும். அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்காருங்கள், மற்றது ஆடும். ஆப்பிள் பை நேற்றுச் சுட்டது. காப்பி இப்போதுதான் இறக்கினேன்.

க்ளெண்டா உங்கள் ஷெரிஃப் ஆபீசுக்கு வந்து என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். ஏழு வயதில் தன் அப்பாவைக் கொன்றுவிட்டதாகச் சொல்லியிருப்பாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மாடிப்படி உச்சியில் பொம்மையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனதாகவும், அதன் நைலான் நரம்பு காலில் தடுக்கி அவர் விழுந்ததாகவும். நீங்கள் நல்ல பையன். சிரிக்காமல் கேட்டுவிட்டு, இது குற்றமே இல்லையம்மா, விபத்து என்று சொல்லியிருப்பீர்கள். அவள் விட்டிருக்கமாட்டாள். என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று பிடிவாதம் பிடித்திருப்பாள். அதனால், அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த அவள் சித்தியை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறீர்கள். வந்ததும் நல்லதுதான். அவள் சொன்னதில் அவர் தடுக்கி விழுந்தது மட்டும்தான் உண்மை.

நீங்கள் அந்த வாத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். உங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனால் அது மஞ்சள் பிளாஸ்டிக். இது மரம். உடம்பு ஒரு நூல்கட்டை, தலை துணி மாட்டும் கிளிப்பின் குமிழ், கால்கள் ஐஸ்கிரீம் குச்சியைச் சீவியது. கழுத்தில் கட்டின நூலின் மறுமுனையில் ஆண்கள் கோட்டுப் பொத்தான். பொத்தானை மேசைக்கு வெளியே தொங்கவிட்டால் அது இழுக்கும். இழுக்க இழுக்க வாத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து நடந்து வரும். விளிம்புக்கு வந்ததும் நூல் நேர்க்கீழாகத் தொங்குகிறது பாருங்கள், அதற்கப்புறம் முன்னால் இழுக்க எதுவும் இல்லை. நின்றுவிடும். விழாது. முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும் கையை நீட்டிப் பிடிக்கப் போவார்கள்.

இதை நான் செய்தேன். என் பெண் நெட்டிக்காக.

நான் அப்போது டவுனில் பெரிய கடையில் துணி திருத்தும் பிரிவில் தைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ராய் கொரியப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அடுத்த கோடையில் ஏரிக்குக் குளிக்கப் போன பிள்ளைகளில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. நெட்டிக்கும் வந்தது. போலியோ. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இரும்பு நுரையீரல் என்பார்களே, அந்தப் பீப்பாய்க்குள் படுக்க வைத்தார்கள். தலை மட்டும் வெளியே இருக்கும். முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடி, அதில்தான் அவள் அறையைப் பார்ப்பாள். இயந்திரம் மூச்சை வெளியே தள்ளும்போதுதான் பேச முடியும். அவள் அதுவரை மூச்சு விடாமல் பேசுகிற பெண்.

கையில் பிடிக்க முடியாத குழந்தைக்கு என்ன பொம்மை வாங்கிக்கொடுப்பது? மற்ற தாய்மார்கள் கரடிப் பொம்மைகளைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் அழுதார்கள். எனக்கு அப்படி அழப் பிடிக்காது. தொடாமலே தன்னிடம் வருகிற ஒன்று அவளுக்கு வேண்டும் என்று தோன்றியது. எத்தனையோ வாத்து கவிழ்ந்து விழுந்தது. கடைசியில் இது நடந்தது. அவள் தலைக்குப் பின்னால் சக்கரமேசையை நகர்த்தி, வாத்தை அந்தக் கோடியில் நிறுத்தி, பொத்தானை அவள் தலைமயிர்ப் பக்கம் தொங்கவிட்டேன். கண்ணாடியில் அது அவளைப் பார்த்து நடந்து வந்தது. விளிம்பில் பிடிக்க நான் கையை வைத்துக் காத்திருந்தேன். அது என் கைக்கு வரவில்லை, தானாக நின்றுவிட்டது. அதை நான் திட்டமிடவே இல்லை.

இயந்திரம் மூச்சு விடும்வரை நெட்டி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"எட்டி... பாக்குதும்மா. நான் இருக்கேனான்னு."

அந்தப் பனிக்காலத்தில் அவள் இறந்துபோனாள். வார்டுக்குள் போன பொம்மைகளை வெளியே விடமாட்டார்கள், தொற்றுக்குப் பயந்து எரித்துவிடுவார்கள். நான் வாத்தைக் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்து எடுத்துவந்தேன். வீட்டில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, இந்தச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். என் பெண்ணின் கடைசி நாட்களைச் சேர்ந்தது என்று அது ஒன்றுதான் இருந்தது.

கிளிஃபர்ட் என் அக்கா ஆர்லீனின் கணவர். வீட்டுக்கு வீடு போய் வாக்குவம் கிளீனர் விற்றுக்கொண்டிருந்தார். கலகலப்பான மனிதர், எனக்கு 'நூல்கண்டு ராணி' என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் இங்கே வந்தபோது ஜன்னலில் வாத்தைப் பார்த்தார். மேசையில் விட்டுக் காட்டச் சொன்னார். திரும்பத் திரும்ப நடக்கவிட்டுப் பார்த்தார். வீட்டில் க்ளெண்டாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, படுத்த இடத்திலேயே சிணுங்குகிறாள், ஒரு வாரம் கொடு என்று கேட்டார். கொடுத்தேன். நோயாளிக் குழந்தைக்கு இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் ஆர்லீன், எங்கேயோ கிடக்கிறது, தேடித் தருகிறேன் என்றாள். அதற்கடுத்த வருடம் டிசம்பரில், எங்கள் கடையின் பொம்மைத் தளத்தில் சாய்வுப் பலகை போட்டு, வரிசையாக மஞ்சள் வாத்துகளை நடக்கவிட்டிருந்தார்கள். 'அப்பா வாத்து' என்று பெயர். பெட்டியில் க்ளெண்டா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற படம், பக்கத்தில் கிளிஃபர்ட் மண்டியிட்டு வாத்தை நடத்துகிறார். நோயுற்ற தன் செல்ல மகளுக்காக ஒரு தந்தை தன் கையால் செய்த பொம்மை என்று போட்டிருந்தது. விற்கிற பெண்கள் அந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அது தன்னை எட்டிப் பார்க்கிறது என்று அந்தக் குழந்தை சொன்னதாம். சில பெண்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

நெட்டி சொன்னதை நான் ஆர்லீனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், டெபுடி. அடக்கம் முடிந்த அன்றைக்கு.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஆப்பிள் பைக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"நெட்டி இருந்திருந்தா நானே அவர்கிட்ட சண்டை போட்டிருப்பேன், ஹேசல். அவதான் இல்லையே. இருக்கிற பொண்ணுக்காவது ஆகட்டும்னு விடேன்."

கிளிஃபர்ட் கோபப்படவே இல்லை. என் தோளில் கையைப் போட்டு வாசல்வரை வந்தார். கட்டையில் கால் ஒட்டினால் ஆயிற்றா, ஊரில் எல்லா அம்மாக்களும் அதைத்தானே செய்கிறார்கள் என்று கேட்டார். "நான் விக்கிறது வாத்து இல்ல, ராணி. கதை. சனங்க கதையத்தான் வாங்குறாங்க. செத்துப்போன புள்ளையோட பொம்மைன்னு சொன்னா எவ வாங்குவா, சொல்லு?" என்றார். பிறகு, கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும், தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்றார். மனதாரத்தான் சொன்னார். அவருக்கு என்னைப் பிடிக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், பெண்ணைப் பறிகொடுத்தவள், மனசு சரியில்லை என்பார்கள். அக்காவே அப்படித்தான் சர்ச்சில் சொல்லிவைத்திருந்தாள். ஆகவே நான் போனேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் போனேன், அதற்கடுத்ததற்கும் போனேன். இனிப்பு உருளைக்கிழங்கு சமைத்துக்கொண்டு போனேன். வாத்துகளால் வந்த புது மாடிவீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். அழகாக இருக்கிறது என்றேன். வெறுப்பு என்பது அவசரப்பட்டால் கெட்டுப்போகும் சமையல். நான் தையற்காரி, பொறுமை எனக்குத் தொழில்.

அந்த வீட்டின் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். கிறிஸ்துமஸ் காலையில் அப்பாதான் முதலில் கீழே இறங்க வேண்டும். பரிசு கொண்டுவரும் சான்டா வந்துவிட்டுப் போனாரா என்று பார்த்து, கிறிஸ்துமஸ் மரத்து விளக்குகளைப் போட்டுவிட்டுக் குரல் கொடுப்பார். அதுவரை வேறு யாரும் படியில் கால் வைக்கக் கூடாது. படிவிளக்கையும் போடக் கூடாது, போட்டால் பிள்ளைகள் மேலிருந்தே பார்த்துவிடுவார்கள். கிளிஃபர்ட் இதில் ரொம்பக் கண்டிப்பு. அந்த ஒரு காலையில், அந்த ஒரு படிக்கட்டில், இருட்டில், யார் முதலில் இறங்குவார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வருடத்தில் வேறெந்த நாளிலும் அது அவ்வளவு நிச்சயமில்லை.

இன்னொன்றும் இருந்தது. க்ளெண்டா வாத்தை நடத்துகிற இடம் மாடிப்படியின் உச்சி. பொத்தானை முதல் படிக்குக் கீழே தொங்கவிட்டு, மாடிக் கூடத்தின் கோடியிலிருந்து நடக்கவிடுவாள். அது உச்சியில் வந்து நிற்கும்போது கைதட்டுவாள். அவளுக்கு ஏழு வயதான அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையும் விளையாடினாள். படுக்கப் போகும் முன் கிளிஃபர்ட், படியில் பொம்மை கிடந்தால் சான்டா திரும்பிப் போய்விடுவார் என்று பயமுறுத்தினார். அவள் சமத்துக் குழந்தை. நான் சொல்லிக்கொடுத்தபடி நரம்பை வாத்தின் கழுத்தில் ஒழுங்காகச் சுற்றி, பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவள் அறையில்தான் எனக்கும் படுக்கை.

"பாத்தீங்களா சித்தி? சிக்கில்லாம சுத்திட்டேன்."

"நல்ல பொண்ணு" என்றேன்.

விடிவதற்கு முன்னால் எழுந்து வாத்தை எடுத்தேன். உச்சிப் படியில், கைப்பிடிக் கம்பத்திலிருந்து எதிர்க் கம்பத்துக்கு, கணுக்கால் உயரத்தில் நரம்பை இழுத்துக் கட்டினேன். வாத்தை ஓரமாக நிறுத்தினேன். என் வாத்தில் இருந்தது சாதாரணத் தையல்நூல். காலில் பட்டால் அறுந்து போயிருக்கும். கிளிஃபர்ட்தான் அதை நைலான் நரம்பாக மாற்றியிருந்தார். மீன் இழுத்தாலும் அறாது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். என் வாத்தில் அவர் செய்த மாற்றம் நிறத்தையும் பிளாஸ்டிக்கையும் விட்டால் அது ஒன்றுதான். அது அறவில்லை.

திரும்பி வந்து க்ளெண்டாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவள் விழித்துக்கொண்டாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்கவில்லை, கிறிஸ்துமஸ் நினைப்பு. போர்வைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா எப்போது கூப்பிடுவார், எப்போது கூப்பிடுவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து அறைக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கூடத்தில் போயிற்று. பிறகு அந்தச் சத்தம். அது நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

க்ளெண்டா சிரித்தாள், டெபுடி. அவர் ஒவ்வொரு வருடமும் சான்டா விழுந்து எழுந்திருப்பது போல ஏதாவது சத்தம் எழுப்பி வேடிக்கை காட்டுவார். "அப்பா நடிக்கிறாரு சித்தி" என்று என் காதில் சொன்னாள்.

கால் ஒடிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நான் பார்ப்பதற்கும் அப்படிச் சொல்லக்கூடியவள் மாதிரிதான் இருக்கிறேன். ஆனால் அது பொய். கீழே பளிங்குத்தரை. அந்தத் தரையை எனக்குச் சுற்றிக் காட்டிய நாளிலேயே பார்த்து வைத்திருந்தேன்.

முதலில் ஓடியது நான்தான். ஒரு பக்கத்து முடிச்சை அவிழ்த்துவிட்டேன். மற்றது கம்பத்தில் சிக்கின மாதிரி இருந்தது. ஆர்லீன் என்னைத் தாண்டிக்கொண்டு கீழே ஓடினாள். மரத்து விளக்குகள் எரியவே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அப்போதைய ஷெரிஃப் வந்தார். பேரப் பிள்ளைகளுக்கு அதே வாத்தை வாங்கி வைத்திருந்தவர். படியில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்து, இது உன்னுடையதா பாப்பா என்று மெதுவாகக் கேட்டார். க்ளெண்டா தலையாட்டினாள். ஆர்லீன் கீழேயிருந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஒருகாலத்தில் அதே பார்வையோடுதான் நான் அந்தப் பெட்டிப் படத்தைப் பார்த்திருப்பேன்.

"நான் சுத்தி உள்ள வச்சேன்" என்றாள் குழந்தை. "சித்தி பாத்தாங்க. சொல்லுங்க சித்தி, நீங்க பாத்தீங்கல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளை மடியில் எடுத்து உட்கார வைத்துக்கொண்டேன்.

"கொழந்தைதானே, கண்ணு. மறந்திருப்பே. யாரும் உன்னைக் குத்தம் சொல்லல" என்றேன்.

ஷெரிஃப் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ரொம்ப நல்ல வார்த்தை சொன்னீர்கள் அம்மா என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

முதல் சில நாட்கள் அவள் என்னிடம் தனியாக வந்து, நான் சுத்தி வச்சேனே சித்தி என்பாள். நானும் அதே பதிலைச் சொல்வேன், அன்பாகத்தான். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். வசந்தம் வந்தபோது அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது: எல்லாரும் தூங்கினபின் ஆசையாக இருந்து எழுந்து, வாத்தை எடுத்துப் போய் விளையாடி, அப்படியே விட்டுவிட்டு வந்ததாக. தரை சில்லென்று இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது என்றாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள்.

விஷயம் பத்திரிகையில் வந்தது. ஈஸ்டருக்குள் எங்கள் கடையில் அந்தப் பெட்டிகளை இறக்கிவிட்டார்கள். நான் தைப்பதை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய், சாய்வுப் பலகையைக் கழற்றி எடுத்துப் போகிறவரைக்கும் நின்று பார்த்தேன். எனக்கு அன்றைக்கு நிறைவாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நெட்டி போனபின் அப்படி ஒருநாள் எனக்கு வாய்க்கவில்லை.

ஆர்லீனால் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தை எதிரில் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். கடைசியில் இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவுக்குப் போனபோது, கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று க்ளெண்டாவை இங்கே விட்டுப் போனாள். கிளிஃபர்டின் சாமான்களைக் காலி செய்தது நான்தான். அவருடைய மேசை இழுப்பறையில், சாக்ஸில் சுற்றி, என் வாத்து இருந்தது. அவர் அதைத் தூக்கிப்போடவில்லை பாருங்கள். எறியாமல் வைத்திருந்தவருக்கு அது யாருடையது என்று தெரிந்துதான் இருந்தது.

கிளிஃபர்ட் என் பெண்ணை எடுத்துக்கொண்டார். நான் அப்படி யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. க்ளெண்டா தானாக வந்தாள். நெட்டியின் கட்டிலில் படுத்தாள், நெட்டிக்கென்று தைத்து வைத்திருந்த கவுன்களை அளவு பெரிதாக்கிப் போட்டுவிட்டேன். ஓடமாட்டாள், கத்தமாட்டாள், பொம்மை கேட்கமாட்டாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். ஒரேகான் பையன் ஒருவன், டுவைட் என்று பெயர், அவளைக் கல்யாணம் செய்து கூட்டிப் போகிறானாம். இவளுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ளப் பயம். பழசையெல்லாம் சட்டத்திடம் சொல்லித் தண்டனை வாங்கினால்தான் நிம்மதி என்று அவள் நினைக்கிறாள். அதனால் உங்களைத் தேடி வந்தாள்.

நான் ஏன் இப்போது சொல்கிறேன் என்றுதானே பேனாவை நிறுத்திவிட்டுப் பார்க்கிறீர்கள்? மனசாட்சி என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அது இல்லை. முந்தாநாள் இதே இடத்தில் நின்று அவள், "அது நான் பண்ணது சித்தி, என் பேர்ல எழுதிக்கச் சொல்லப் போறேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் யோசித்து, பொறுத்து, என் கையால் செய்த ஒன்றின்மேல் இரண்டாம் தடவையாக அந்த வீட்டுக்காரர்களின் பெயர் விழப் போகிறது. ஒருமுறை விட்டுவிட்டேன். இதை விடமாட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வாத்தைச் செய்தது ஹேசல் டன்லப், தன் மகள் நெட்டிக்காக. கிளிஃபர்டைக் கொன்றதும் அவளே. இரண்டையும் எழுதுங்கள், வாத்தை முதலில். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை க்ளெண்டா சாப்பிட வருகிறாள், அவளுக்கு இந்த ஆப்பிள் பை பிடிக்கும். இந்தக் காகிதத்தை அவளிடம் காட்டவேண்டாம். கேட்டால், குழந்தைதானே, மறந்திருப்பாய், யாரும் உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அது அவளுக்குப் பழகின பதில். அப்பாவும் இல்லை, அம்மாவும் எட்டிப் பார்ப்பதில்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?